ஒரு பெட்டிக்குள் மூன்று வீடு

“மில்லுக்காரன்ட சாமானும் என்ட சாமானும் ஒரே பெட்டிக்குள்ளயா கிடக்கப் போகுது? அது சரிவராது மகன்” என்று ஹாஜியார் தலையை ஆட்டினார்.

ஹாஜியார் கல்முனைப் பசாரில் புடவைக்கடை வைத்திருந்தார். நாங்கள் இருந்த மாடிக் கட்டிடமும் அவருடையதுதான். கீழே முன்பக்கம் அவருடைய கடை. பக்கவாட்டுப் படியில் ஏறினால் மேலே நான் வேலை செய்த கணினி நிலையம். நிலையத்தின் உரிமையாளர் சவூதியில் ஒரு கந்தோரில் கணினி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரை நான் காக்கா என்று கூப்பிடுவேன். மூத்த சகோதரனை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்.

காக்காவின் யோசனை இதுதான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒவ்வொரு கடையும் தனக்கென்று ஒரு நல்ல கணினி வாங்குவது நடக்கிற காரியமில்லை. ஆகவே நல்லதாக ஒன்றை மேலே எங்கள் அறையில் வைப்பது. கடைகளில் பழைய, மெதுவான கணினிகளைப் போட்டு, சுவரில் துளையிட்டு வயர் இழுத்து மேலே உள்ளதோடு இணைப்பது. கடையில் என்ன இருக்கிறது, என்ன விற்றது, எது தீர்ந்தது என்பதெல்லாம் மேலே உள்ள பெட்டியில் போய்ச் சேரும். கடைக்காரர்கள் பார்க்கிற திரைகளைக் காக்கா எழுதினார். அந்தத் திரைகள் கேட்கிற தகவலை எடுத்துக் கொடுத்து, தருகிற தகவலை வாங்கி வைக்கிற நிரல் ஒன்று உண்டு. அதைச் சேவையகம் என்போம். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

முதலில் சேர்ந்தது காக்காவின் மச்சானுடைய நெல் ஆலை. மாவடிப்பள்ளிப் பக்கம் இருந்த அந்த ஆலையின் எழுதுவினைஞர் பின்னேரங்களில் எங்கள் அறைக்கே வந்து அன்றைய விபரங்களைப் பதிந்துவிட்டுப் போவார். இரண்டாவதாக ஹாஜியாரைக் கேட்டோம். ஆலைக்காரருக்கும் ஹாஜியாருக்கும் பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவு ஒன்றிலிருந்து பழைய கசப்பு. ஒரே சபையில் இருந்தாலும் ஆளுக்கு ஒரு மூலையில் இருப்பார்கள். அதனால்தான் ஹாஜியார் அப்படித் தலையை ஆட்டினார்.

நான் அவரிடம் கேட்டேன். “ஹாஜியார், உங்கட மூணு மகள்மாரும் ஒரே வளவுக்குள்ளதானே இரிக்கிறாங்க?”

“ஓம்.”

“மூத்தவங்கட குசினிக்குள்ள எளயவங்க பூந்து சட்டியத் தொறந்து பார்க்கிறல்லயே?”

“பார்த்தாளுகள் எண்டா அண்டைக்கே வேலி விழும்.”

“அதே மாதிரித்தான் இதுவும். பெட்டி வளவு. அதுக்குள்ள உங்களுக்கு ஒரு ஊடு, மில்லுக்கு ஒரு ஊடு. வாசலும் வேற, குசினியும் வேற.”

எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஆகவே பெண் பிள்ளை ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு கட்டியாக வேண்டும். வளவு ஒன்றாக இருந்தாலும் வீடுகள் தனித்தனியாக எழும்பும். ஹாஜியார் மூன்று வீடு கட்டி முடித்தவர். சொன்னது அவருக்கு உடனே பிடிபட்டது.

“கடப்பு?” என்று கேட்டார். வளவின் வெளிவாசலைச் சொல்கிறார்.

“கடப்பு ஒண்டுதான். அதுட திறப்பு எங்கட கையில” என்று சாவியைத் திருப்புவதுபோல் காட்டினேன்.

“உன்ட கையில இரிந்தாச் சரி. மச்சான்ட கையில போகப்படாது” என்று காக்காவைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டார்.

உண்மையில் ஒரே சேவையகத்துக்குள்ளேயே இருவருடைய தரவையும் பிரித்து வைக்கலாம். ஆனால் ஹாஜியாரின் மனதுக்கு அது போதாது. எனக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒன்று பழுதானால் மற்றது அதன்பாட்டுக்கு ஓட வேண்டும் என்று நினைத்தேன். இதனால் வேலை கூடியது. ஒரே கணினியில் ஒரே நிரலை இரண்டு சேவையகங்களாக ஓட்டுவதென்றால் ஒவ்வொன்றுக்கும் தரவை வைக்கத் தனி அடைவு வேண்டும். கேள்விகள் வந்து தட்டுகிற வாசலுக்குத் தனி இலக்கம் வேண்டும். ‘நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று அது எழுதிவைக்கிற சின்னக் கோப்பும் தனியாக வேண்டும். இதில் ஒன்றைத் தவறிப் பொதுவாகக் கொடுத்துவிட்டால் இரண்டாவது எழும்பாது. எழும்பினாலோ முதலாவதின் சோற்றில் கைவைக்கும்.

இவற்றையெல்லாம் ஒவ்வொரு நாள் காலையிலும் கையால் தட்டினேன். ஒரு கட்டளை திரையின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகும். ஒரு எழுத்துப் பிசகினால் முதலிலிருந்து. ஒருநாள் கடைக்குக் கொடுக்க வேண்டிய இலக்கத்தை ஆலைக்குக் கொடுத்துவிட்டேன். கடையின் திரையை எங்கள் அறையில் திறந்து பார்த்தால் சம்பா, நாடு என்று நெல் வகைகள் வந்து நின்றன. நல்லவேளை, அது ஹாஜியார் கடை திறக்க முந்திய நேரம்.

அன்றைக்குத்தான் ஷெல் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன். கையால் தட்டுகிற கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அந்தக் கோப்பையே ஒரு கட்டளையாக ஓடவிடுவது. சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. எங்கள் பெட்டியை ஓட்டிய லினக்ஸ் வந்த இறுவட்டு, அந்த சீடியிலேயே ஆங்கில விளக்கங்கள் கிடந்தன. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். வாப்பா ஒரு ஆலைக் களத்தில் நெல் காயவைக்கிறவர். கையெழுத்து வைக்கப் பழகியிருந்தார், அவ்வளவுதான். பல்கலைக்கழகம் கொஞ்சப் புள்ளியில் தவறிப்போன பிறகு எனக்கு உட்காரக் கிடைத்த முதல் கதிரை இந்த அறையில்தான் கிடந்தது. அதை இழக்கிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. தங்கச்சிக்குக் கட்டுகிற வீடு யன்னல் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. அது கூரை வரை போக வேண்டுமென்றால் என் சம்பளமும் சேர வேண்டும்.

ஸ்கிரிப்டை எழுதி முடித்தபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது. ‘தொடங்கு’ என்றால் எல்லாச் சேவையகங்களையும் ஒவ்வொன்றாக எழுப்பும். ‘நிறுத்து’ என்றால் எல்லாவற்றையும் மெதுவாக, தரவை எழுதி முடிக்கவிட்டு உறங்க வைக்கும். ‘எப்படி’ என்றால் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று சொல்லும். கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தமிழாகவே வைத்தேன். அதில் நான் மிகவும் சந்தோஷப்பட்ட இடம் வேறொன்று. எத்தனை வீடு, என்ன பெயர் என்று ஸ்கிரிப்டுக்குள் எங்கேயும் எழுதவில்லை. ‘வளவு’ என்று ஒரு அடைவு. அதற்குள் எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனைக்கும் ஸ்கிரிப்ட் தானாகப் போய்வரும். நாளைக்குப் புதிதாக ஒரு வாடிக்கையாளர் வந்தால் அவருக்கு ஒரு வீட்டைக் கட்டிவிட்டால் போதும், ஸ்கிரிப்டைத் தொடவே தேவையில்லை.

காக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டு, “நாம மௌத்தாகி மண்ணுக்குள்ள போனாலும் இது ஓடும் போல கிடக்கு” என்றார். அவரிடமிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம் மின்சாரம் போனது. மற்ற நாட்களில் மின்சாரம் போனால் ஹாஜியாரின் கடைக்குப் பின்னால் உள்ள ஜெனரேட்டரைக் கடைச் சேல்ஸ்மன் ஓடிப்போய் இழுத்துவிடுவார். அவரும் அந்த நேரம் பள்ளியில்தான். கணினியின் கீழே இருந்த பற்றரிப் பெட்டி ஒரு பிளேன்ரீ ஆறுகிற நேரம் வரைதான் தாங்கும். திரும்பி வந்து பார்த்தால் கணினி அணைந்து கிடந்தது. எழுப்பினால் ஆலையின் தரவு உடைந்திருந்தது. பின்னேர அஸர் தொழுகை வரை இருந்து சரிசெய்தேன். ஆலைக்கார மச்சான் வந்து கதவில் சாய்ந்துகொண்டு, “கொம்பியூட்டர் வந்தா மூளைக்கு வேலயில்ல எண்டீங்க. இப்ப ரெண்டு பேருட மூளையும் ஒரு பெட்டிக்கு வேல செய்யுது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

காக்காவுக்கு அது சுட்டது. “இனி வெள்ளிக்கிழமையில பாங்குக்கு முன்ன எல்லாத்தையும் நிப்பாட்டிரணும். பசாரே பூட்டுது, இது மட்டும் ஓடி ஆருக்கு?” என்றார். நேரம் பார்த்துத் தானாகக் கட்டளையை ஓட்டுகிற வசதி லினக்ஸில் இருந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ‘நிறுத்து’, இரண்டு மணிக்குத் ‘தொடங்கு’ என்று இரண்டு வரி எழுதினேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நிம்மதியாகத் தொழுதோம். நாளடைவில் அந்த இரண்டு வரியும் எனக்கு மறந்தே போனது.

மூன்றாவதாக வந்தது கட்டிடத்தின் பின்பக்கம் இருந்த இரத்தப் பரிசோதனை நிலையம். எல்லோரும் லாப் என்போம். அதை நடத்தியவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். ஆஸ்பத்திரியில் வேலை செய்த அனுபவத்தோடு தனியாக நடத்த வந்தவர். நாற்பது வயதிருக்கும். சைக்கிளில் வந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே கதவைத் திறந்து தானே கூட்டுவார். நான் முதலில் மிஸ் என்று கூப்பிட்டேன்.

“நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துறன்? அக்கா எண்டு சொல்லுங்க தம்பி” என்றார்.

நோயாளிகளின் முடிவுகளைக் கணினியில் வைத்தால் பழைய முடிவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்துக் கொடுக்கலாம். டொக்டர்மாருக்கு அது பிடித்தது. நான் வளவுக்குள் ஒரு புது வீடு கட்டினேன். ஸ்கிரிப்டைத் தொடவில்லை. எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது.

அடுத்த சனிக்கிழமை காலையில் அக்கா படியேறி வந்தார். “தம்பி, நேத்து உங்கட மிஷின் வேலை செய்யல்ல. ஆக்களெல்லாம் நிக்கிறாங்க, திரை செத்துப்போய்க் கிடக்கு.” நான் கீழே போய்ப் பார்த்தேன். எல்லாம் ஓடியது. வயரின் முனையைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அடுத்த கிழமையும் அதே முறைப்பாடு. எலி கடித்திருக்கலாம் என்று வயர் முழுவதையும் தடவிப் பார்த்தேன். அதற்கு மேலும் விடாமல், பழைய கணினியில் வயர் செருகுகிற அட்டையைக் கழற்றி வேறொன்றைப் போட்டேன். சனிக்கிழமை ஓடியது. ஞாயிறு ஓடியது. வியாழன் வரை ஒரு குறையுமில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நானும் காக்காவும் ஹாஜியாரும் ஒன்றாகத் திரும்பி வந்தோம். அக்கா மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டிருந்தார். மேலே எங்கள் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார்.

“தம்பி, ஒண்டு கேக்கிறன். உங்கட மிஷினும் வெள்ளிக்கிழமையில தொழப் போறதா?”

காக்கா பெரிதாகச் சிரித்தார். “வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தொழுற ஆக்கள் எங்கட ஊர்ல நெறயப் பேர் மிஸ். அதுலயும் இது ஒண்டு போல.”

ஹாஜியாரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு வரியும் அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தன. அக்கா வேடிக்கையாகச் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. புது வீடு கட்டினால் ஸ்கிரிப்ட் தானாகவே அங்கேயும் போகும் என்றுதானே எழுதினேன். அது போயிருக்கிறது. பசாரே பூட்டுகிற நேரத்தில் யாருக்கு வேலை இருக்கப் போகிறது என்று காக்காவும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை, ஹாஜியாரைக் கேட்டிருந்தால் அவரும் நினைத்திருக்க மாட்டார். எங்கள் மூவருக்கும் வெள்ளிக்கிழமை நண்பகல் என்றால் உலகம் முழுவதற்கும் அது ஜும்ஆ நேரம்தான்.

நடந்ததைச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் எனக்கு ஆக்கள் கூட தம்பி. பெரியநீலாவணையில இருந்து வாறாங்க, திருக்கோவில்ல இருந்து வாறாங்க. உங்கட ஆக்கள் பள்ளிக்குப் போற நேரம் பஸ்ல இடமிருக்கும், பசார்ல நெருக்கமில்ல எண்டுதான் அந்த நேரம் பார்த்து வாற. அந்த நேரம் பார்த்து இது படுத்தா நான் என்ன செய்ற? இன்னும் ஒரு வெள்ளி பார்ப்பன். மறுகா வயரைக் கழட்டிக்கொண்டு போங்க, நான் முன்ன மாதிரிக் கையால எழுதிக்கிறன்.”

படியேறும்போது காக்கா சிரிப்பை விட்டுவிட்டார். மூன்று பேர் சேர்ந்தால்தான் இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கும் என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய மனைவி வீட்டார், இந்தப் பெட்டியை வைத்துத் தட்டச்சு வகுப்பு நடத்தினால் போதுமே என்று அரித்துக்கொண்டிருந்தார்கள். “லாப் போனா நான் வகுப்புத்தான் வைக்கணும். வகுப்புக்கு எனக்கு ஆள் தேவைப்படாது மகன்” என்றார். மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

ஸ்கிரிப்டைத் திருத்துவது பெரிய வேலையில்லை. லாப்பின் வீட்டுக்குள் ஒரு வெறும் கோப்பை வைத்தேன். அந்தக் கோப்பு உள்ள வீட்டை வெள்ளிக்கிழமை தானாக நிறுத்தாதே, யாராவது கையால் தட்டினால் மட்டும் நிறுத்து என்று ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். ஒரு பின்னேரத்தில் முடிந்தது. முடித்த பிறகுதான் வேறு பயம் வந்தது. நிறுத்தாமல் விட்டு, ஜும்ஆ நேரம் மின்சாரம் போனால்? ஆலைக்கு நடந்ததுதான் லாப்புக்கும் நடக்கும். லாப்பில் உடைந்தால் போவது அரிசிக் கணக்கில்லை, ஆக்களின் இரத்த முடிவு. பற்றரி தீருவதற்குள் யாராவது இந்த அறைக்கு வந்து ‘நிறுத்து’ என்று தட்ட வேண்டும். கீழே இருந்து தட்ட முடியாது, மின்சாரம் போனால் லாப்பின் கணினியும் சேர்ந்தே சாகும். நாங்கள் எல்லோரும் பள்ளியில் இருக்கிற அந்த நேரத்தில் கட்டிடத்தில் இருக்கிற ஒரே ஆள் அக்காதான்.

ஆகவே எங்கள் அறையின் திறப்பு அக்காவிடம் இருக்க வேண்டும்.

காக்காவிடம் சொன்னேன். பாண்டிருப்புக்கும் எங்களுக்கும் இடையில் சைக்கிள் தூரம்தான். ஆனால் அந்தப் போர்க்கால வருடங்களில் தமிழர், முஸ்லிம் என்று எங்காவது ஏதாவது நடந்துவிட்டால் சில கிழமைகள் அவர்கள் இந்தப் பக்கம் வரமாட்டார்கள், நாங்கள் அந்தப் பக்கம் போகமாட்டோம். பிறகு யாரோ ஒரு மீன்காரர் முதலில் வருவார், யாரோ ஒருவர் முதலில் போவார், பழையபடி எல்லாம் நடக்கும். இப்படி இருந்த காலத்தில், ஊர் முழுக்கப் பள்ளிக்குள் இருக்கிற நேரம் பார்த்துத் திறப்பைக் கொடுப்பது என்பது சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை.

“எனக்கு ஓம். ஆனாக் கட்டிடம் ஹாஜியார்ட. அவருட கடையும் இந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு. அவரு ஓம் எண்டாத்தான்” என்றார் காக்கா.

வியாழக்கிழமை காலையில் ஹாஜியாரை மேலே கூட்டி வந்தோம். அக்காவையும் வரச்சொன்னோம். ஹாஜியாரின் சேல்ஸ்மனும் வேடிக்கை பார்க்கக் கூடவே ஏறி வந்தார். நான் முந்திய நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பயனர் பெயர் கொடுத்து, ஒருவர் மற்றவரின் அடைவைத் திறக்கவும் முடியாமல், மற்றவரின் சேவையகத்தை நிறுத்தவும் முடியாமல் செய்திருந்தேன். கதிரையில் ஹாஜியாரை இருத்தி, லாப்பின் பெயரில் உள்ளே விட்டேன்.

“இப்ப உங்கட கடையத் தொறந்து பாருங்க ஹாஜியார். இந்த வரியத் தட்டி இதை அமத்துங்க.”

ஒரு விரலால் தட்டினார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

“என்ன செல்லுது?”

“அனுமதி இல்லயாம்.”

“எனக்கா? என்ட கடைக்கா?”

“இப்ப நீங்க லாப் ஆள் ஹாஜியார்.”

இன்னொரு தரம் தட்டினார். மறுபடியும் அதே வரி. மூன்றாம் தரம் கொஞ்சம் பலமாக அமத்தினார், பலமாக அமத்தினால் திறக்குமோ என்பதுபோல.

“மானங்கெட்ட பெட்டி. கட்டிடத்துக்காரன் நான், என்னையே உள்ளுக்கு விடுதில்ல” என்றார். ஆனால் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. பிறகு கதிரையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். “பெட்டி சரி புள்ள. நான் கேக்கிற வேற. வெள்ளிக்கிழமை அந்த நேரம் இந்தக் கட்டிடத்துல ஆரும் இரிக்கிறல்ல. திறப்பு உங்கட கையில இரிந்து, ஏதும் ஒண்டு நடந்தா, நாளைக்கு ஆளுக்கொரு கதை கதைப்பானுகள். உங்களையும் கதைப்பான், என்னையும் கதைப்பான்.”

“ஹாஜியார், உண்மையச் சொல்லட்டா? வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்த வரிசைக்கே நான்தான் காவல். பக்கத்துப் பாமசிக்காரத் தம்பி, ‘அக்கா, கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, ஒரு கண் வச்சுக்கங்க’ எண்டு சொல்லிட்டுத்தான் பள்ளிக்கு ஓடுற. சப்பாத்துக் கடைக்காரர் முன்னுக்குத் தொங்குறதுகளை எடுத்து வைக்கவே மாட்டார்.” அக்கா சேல்ஸ்மனை ஒருதரம் பார்த்தார். “உங்கட கடைத் திறப்பும் வெள்ளிக்கிழமையில என்னட்டதான் இருக்கு.”

ஹாஜியார் மெதுவாகச் சேல்ஸ்மன் பக்கம் திரும்பினார். சேல்ஸ்மன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேய்.”

“அது ஹாஜியார்... நான் தொழுற எங்கட தைக்காப் பள்ளியில, கடையில மத்த சேல்ஸ்மன் தொழுற பெரிய பள்ளியில. ஆரு முந்தி வாற எண்டு தெரியாதே. லாப்ல வச்சா முந்தி வாறவன் எடுத்துத் தொறக்கலாம் எண்டுதான்...”

“எத்தின நாளா?”

“லாப் தொறந்ததுல இருந்து.”

காக்கா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“அப்ப என்ட கடையயே குடுத்திரிக்கானுகள், நான் இஞ்ச வந்து பெட்டிக்கு நியாயம் கதைக்கிறன்” என்று எழும்பினார். “திறப்பக் குடுங்க. ஆனா இனி என்ட திறப்ப நான்தான் கொண்டுவந்து தருவன் புள்ள. இவனுகள் தாற எனக்குத் தெரியாம இரிக்கப்படாது.”

“தாங்க ஹாஜியார். நானும் உங்கட கையிலதான் திருப்பித் தருவன்” என்றார் அக்கா.

அன்று பின்னேரம் அக்காவுக்கு வேலையைக் காட்டினேன். மின்சாரம் போனால் மேலே வர வேண்டும். லாப்பின் பெயரில் உள்ளே போய் ‘நிறுத்து’ என்று தட்ட வேண்டும். ‘நின்றுவிட்டது’ என்று வரி வரும் வரை பொறுத்து, பிறகுதான் பெட்டியை அணைக்க வேண்டும். மின்சாரம் வந்து கொஞ்ச நேரம் நிலைத்த பிறகு பெட்டியைப் போட்டு, ‘தொடங்கு’. அக்கா இரண்டு தரம் செய்து பார்த்தார். மூன்றாவது தரம் நான் வாயைத் திறக்கப் போக, “பொறுங்க தம்பி, ஊசி போடக்குள்ள நான் உங்களுக்குப் பாடமெடுக்கிறனா?” என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஹாஜியார் தன் கையாலேயே திறப்பைக் கொண்டுபோய் லாப்பில் கொடுத்ததை நான் பார்த்தேன். நான் எங்கள் அறைத் திறப்பைக் கொடுத்துவிட்டு, அவர்களோடு பள்ளிக்குப் போனேன்.

தொழுகைக்கு முந்திய குத்பா உரை நடந்துகொண்டிருந்தபோது மின்விசிறிகள் நின்றன. ஒலிபெருக்கியும் நின்றது. இமாம் குரலை உயர்த்தினார். முன்வரிசையில் யாரோ தொப்பியால் விசிறத் தொடங்கினார். குத்பா நேரத்தில் பேசக்கூடாது, எழும்பிப் போகவும் கூடாது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். இமாம் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. இப்போது பற்றரிப் பெட்டி கத்தத் தொடங்கியிருக்கும். இப்போது அக்கா கதவைத் திறந்திருக்க வேண்டும். ஒருவேளை ஒரு நோயாளியின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தால்? அந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு வர முடியுமா? அதைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை என்பது தொழுகைக்கு எழும்பி நிற்கும்போதுதான் உறைத்தது. காக்கா பக்கத்தில் நின்று என் காலோடு காலைச் சேர்த்தார். தொழுகையின் நடுவில் மின்விசிறிகள் மறுபடி சுழன்றன.

சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் எழும்பப் பார்த்தேன். காக்கா நான் உடுத்தியிருந்த சாரனின் ஓரத்தைப் பிடித்தார். “துஆ முடியட்டும். உடைஞ்சிரிந்தா உடைஞ்சிரிக்கும்.”

துஆ முடிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தோம். பாதி தூரத்திலேயே நான் ஓடத் தொடங்கிவிட்டேன்.

மாடிப்படியில் நாலைந்து பேர் கை முட்டியில் பஞ்சை அமத்திக்கொண்டு இருந்தார்கள். வெயிலுக்குப் படி நல்ல நிழல். மேலே எங்கள் கதவு திறந்திருந்தது. அறைக்குள் யாரும் இல்லை. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே ‘எப்படி’ என்று தட்டினேன். லாப் ஓடுகிறது என்று வந்தது. கடையும் ஆலையும் நின்றிருந்தன, அவை இரண்டு மணிக்குத்தான் எழும்பும். லாப்பின் குறிப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒழுங்காக நின்றது என்று ஒரு வரி, ஒழுங்காக எழும்பியது என்று ஒரு வரி. உடைந்தது, திருத்தப்பட்டது என்று எதுவும் இல்லை.

கீழே இறங்கினேன். லாப்பில் அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு வயதான மனிதருக்கு முடிவைக் கொடுத்து, எந்த டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூச்சிரைப்பைக் கவனித்திருக்க வேண்டும்.

“ஓடியா வந்தீங்க? கையில ஊசியோடதான் நிண்டன் தம்பி, லைட் போச்சு. அந்தப் பிள்ளைக்கு இரத்தத்தை எடுத்துப் பஞ்சு வச்சுப்போட்டுத்தான் மேல வந்தன். உங்கட பெட்டி அதுக்குள்ள கத்திக் கத்தி ஊரைக் கூட்டுது.”

“நிண்டுதா அக்கா?”

“நிண்டுட்டு எண்டு வரி வந்திச்சு. மறுகாதான் அணைச்சன்.”

காக்காவும் வந்து சேர்ந்தார். அக்கா அவரைப் பார்த்து, “இஞ்ச பாருங்க, ஒரு மிஷின் போதாது. நான் இரத்தம் எடுக்கிற இடத்துல ஒண்டு, முடிவு குடுக்கிற இந்த மேசையில ஒண்டு வேணும். ஒரே ஆள் அங்கயும் இங்கயும் ஓட ஏலுமா?” என்றார்.

காக்கா என்னைப் பார்த்தார். “கேட்ட தானே? எவ்வளவு வயர் போகும் எண்டு அளந்து செல்லு. நாளைக்கு வாங்கணும்.”

வகுப்பைப் பற்றி அவர் அதன் பிறகு கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அளக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. முன்பக்கம் போனேன். ஹாஜியார் அக்காவிடம் வாங்கிய திறப்பால் தானே கடையைத் திறந்து, வேட்டி அடுக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். புடவை அளக்கிற யார்க்கோலைக் கேட்டேன்.

“என்னத்துக்கு?”

“லாப்ல இன்னொரு மிஷின் போடப் போறம் ஹாஜியார்.”

“ரெண்டா?” கோலைக் கொடுக்க நீட்டியவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். “அந்தச் சின்ன லாப்ல ரெண்டு ஓடக்குள்ள இவ்வளவு பெரிய கடையில நான் ஒண்ட வச்சிக்கிட்டு இரிக்கிறயா? முதல்ல இஞ்ச அள. காசு மேசையில இருந்து சாரன் பக்கம் வரைக்கும்.”

கோலை வாங்கிக்கொண்டு காசு மேசையின் காலடியில் குனிந்தேன்.